‘இன்கமோட்’: சிறு சிரமத்துக்கு ஒரு பழைய சொல்

ஸ்கூடாயில் வசிப்பவர்களுக்குச் சாலைப் பணி அறிவிப்புப் பலகை புதிதன்று. நெடுஞ்சாலையில் ஒரு தடத்தை அடைத்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்திருப்பார்கள். விடியும் முன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் மோட்டார் சைக்கிள்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பேருந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும் கார்கள் எல்லாம் மீதமுள்ள ஒரு தடத்தில் ஊர்ந்து செல்லும். பக்கத்தில் அந்தப் பலகை: ‘செகாலா கெசுலித்தான் அமாட் டிகெசாலி’.

இதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘எல்லாச் சிரமங்களும் மிகவும் வருந்தப்படுகின்றன.’ சிரமத்தைக் கொடுத்தவர் யார்? யாருக்குக் கொடுத்தார்? வருந்துகிறவர் யார்? மூன்று கேள்விக்கும் பலகையில் பதில் இல்லை. ஆங்கிலப் பலகைகளும் இதையேதான் செய்கின்றன. ‘இன்கன்வீனியன்ஸ்’ என்பது தானாக வந்து உட்கார்ந்துகொண்டதைப் போலவும், வருத்தம் என்பது காற்றில் மிதப்பதைப் போலவும் ஒரு வாக்கியம்.

என்னிடம் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கும் படிவம் ஆறு மாணவி ஒருவர், பழைய ஆங்கில நாவல் ஒன்றில் ‘இன்கமோட்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, “சார், இது கழிப்பறை சம்பந்தப்பட்ட வார்த்தையா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. உறவு உண்மையிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

‘இன்கமோட்’ என்றால் ஒருவருக்குச் சிரமம் கொடுப்பது, அவருடைய வசதியைக் குலைப்பது. உச்சரிக்கும்போது கடைசி அசையை அழுத்த வேண்டும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. இதற்கு ‘டிஸ்கமோட்’ என்ற தம்பியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, பொருளும் அதேதான். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே பழைய வாசனை வீசும் சொற்கள். நம் தாத்தா காலத்துக் கடிதங்களில் ‘தங்கள் திவ்ய சமூகத்துக்கு’ என்று எழுதுவார்களே, அந்த மாதிரி.

1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. பெரிய பாதிப்பு எதுவும் இல்லாமல் ஒருவருக்குத் தடங்கலோ சங்கடமோ உண்டாக்குவது என்ற பொருளில் ஜான்சன் அதை விளக்கினார். ‘பெரிய பாதிப்பு இல்லாமல்’ என்பதைக் கவனியுங்கள். 1828-இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம்முடைய அகராதியை வெளியிட்டபோது இன்னும் ஒரு படி மேலே போனார். எரிச்சலூட்டுவது, மனத்தை நோகடிப்பது, விடாமல் தொல்லை செய்வது ஆகிய மூன்றையும் விட இது குறைவானது என்று எடை போட்டே சொன்னார். நேரங்கெட்ட நேரத்தில் வரும் விருந்தாளிகள் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் சிரமம்தான் அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு உறவினர் வந்து கதவைத் தட்டினால் அம்மாவின் முகம் எப்படி இருக்கும்? அதுதான் ‘இன்கமோட்’. கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. கொஞ்சம் தடுமாற்றம், அவ்வளவுதான்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். லத்தீன் மொழியில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. ‘மோட்’, ‘மாடல்’, ‘மாடரேட்’ ஆகியவை இந்த வேரிலிருந்து வந்தவை. அதனுடன் ‘கோம்’ என்னும் முன்னொட்டு சேர்ந்து ‘கொமோடுஸ்’ ஆனது. அளவோடு பொருந்தியது, வசதியானது என்று பொருள். தாராளமாக இடமுள்ள வீட்டைக் ‘கமோடியஸ்’ என்பதும், பயன்படும் சரக்கைக் ‘கமோடிட்டி’ என்பதும், ஒருவருக்கு வசதி செய்து கொடுப்பதை ‘அக்கோமொடேட்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். (அக்கோமொடேட்டில் இரண்டு சி, இரண்டு எம். தேர்வில் இதைத் தவறாக எழுதாத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.) பிரெஞ்சுக்காரர்கள் வசதியான இழுப்பறை மேசைக்குக் ‘கமோட்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆங்கிலேயர்கள், இரவில் பயன்படுத்தும் கலத்தை உள்ளே மறைத்து வைத்த நாற்காலிக்கு அந்த நாகரிகமான பெயரைச் சூட்டினார்கள். அங்கிருந்து மருத்துவமனைச் சக்கர நாற்காலிக்கும், தமிழ்நாட்டில் மேல்நாட்டுக் கழிப்பறைப் பீங்கானுக்கும் பெயர் தாவியது. ஆக, ‘கமோடு’ என்பது வசதி. ‘இன்கமோட்’ என்பது அந்த வசதியைப் பறிப்பது.

நம் மொழியில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? ‘அசௌகரியம்’. வடமொழியில் ‘சுகர’ என்றால் எளிதில் செய்யக்கூடியது. அதிலிருந்து சௌகரியம். முன்னால் ஓர் ‘அ’ போட்டால் சௌகரியம் இல்லாமை. லத்தீனில் ‘இன்’ செய்யும் வேலையை இங்கே ‘அ’ செய்கிறது. ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. உடம்பு லேசாகச் சரியில்லை என்பதைப் பிரெஞ்சில் இன்றும் ‘கொஞ்சம் இன்கமோட் ஆகியிருக்கிறார்’ என்ற பாணியில் சொல்வார்கள். நம் பாட்டிமார்கள் ‘அவருக்கு உடம்பு அசௌகரியம்’ என்பார்கள். காய்ச்சல் என்றோ நோய் என்றோ சொல்லாமல் நாசூக்காக நழுவும் அதே தந்திரம்.

‘வசதி’ என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. வடமொழியில் அதன் முதல் பொருள் தங்குமிடம். கர்நாடகத்தில் சமணக் கோயில்களைப் ‘பசதி’ என்று அழைப்பதும் அந்தச் சொல்தான். தமிழில் அது வீட்டிலிருந்து நகர்ந்து, வீட்டில் கிடைக்கும் சுகத்துக்குப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘அக்கோமொடேஷன்’ எதிர்த்திசையில் நடந்தது. வசதி செய்து கொடுப்பதில் தொடங்கித் தங்கும் விடுதியில் போய் நின்றது. இரண்டு சொற்களும் நடுவழியில் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

சரி, பலகைக்கு வருவோம். ‘இன்கமோட்’ ஒரு செயப்படுபொருள் குன்றாவினை. ‘யாரை’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அதை எழுதவே முடியாது. இந்த இடத்தில் தமிழ் மிகவும் கூர்மையான மொழி. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். ‘சிரமப்படு’ தன்வினை. ‘சிரமப்படுத்து’ பிறவினை. ‘நீங்கள் சிரமப்பட்டீர்கள்’ என்பதற்கும் ‘உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன்’ என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு விகுதி மட்டுமல்ல, ஒரு பொறுப்பும்கூட. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று தமிழ்நாட்டில் தூர்தர்ஷன் திரையில் வந்த வாசகம் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். அதில்கூட ‘ஓம்’ என்ற விகுதி வருந்துகிறவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தடங்கலை உண்டாக்கியவர் மட்டும் தப்பித்துவிட்டார்!

இது வெறும் இலக்கண விளையாட்டு இல்லை. விரிவுரையாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும்போது நம் மாணவர்கள் பலர் ‘சாரி ஃபார் டிஸ்டர்ப்’ என்று தொடங்குகிறார்கள். மலாயில் ‘மாஃப் மெங்கங்கு’ என்பதை அப்படியே பெயர்த்ததால் வந்தது இது. ‘டிஸ்டர்ப்’ வினைச்சொல், ஆகவே ‘சாரி டு டிஸ்டர்ப் யூ’ அல்லது ‘சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ’ என்றுதான் வர வேண்டும். ‘யூ’ என்பதை விட்டுவிடாதீர்கள். அதைவிடவும் நல்ல வழி, என்ன சிரமம் கொடுக்கப் போகிறோம் என்பதை நேராகச் சொல்வது. ‘திங்கட்கிழமைக்குள் என் கட்டுரையின் இரண்டு பக்கங்களைப் பார்த்துத் தர முடியுமா? வார இறுதியில் கேட்பதற்கு மன்னிக்கவும்’ என்று எழுதினால், வாசிப்பவருக்கு அளவு தெரிகிறது. முடியும் என்றோ முடியாது என்றோ உடனே சொல்லிவிடலாம்.

அளவு என்று சொன்னேன். இந்தப் பழைய சொல்லை நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முக்கியக் காரணம் அதுதான்.

நாம் அன்றாடம் புழங்கும் சொற்களில் எடை தெளிவாக இல்லை. மலாயில் ‘காச்சாவ்’ என்றால் கிளறுவது. டோடோல் கிளறுவதும் காச்சாவ்தான், தம்பி படிக்கும் அக்காவைச் சீண்டுவதும் காச்சாவ்தான். (தமிழிலும் அல்வாவைக் கிண்டுகிறோம், ஆளையும் கிண்டல் செய்கிறோம்.) ‘கங்கு’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘மாஃப் மெங்கங்கு’ என்பது மரியாதையான கதவுத் தட்டல். அதே வேரிலிருந்து வந்த ‘கங்குவான் செக்சுவல்’ ஒரு குற்றம். அதற்கென்றே நம் நாட்டில் 2022-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழில் ‘தொல்லை’யும் அப்படித்தான். ‘தொல்லை கொடுக்கிறேனா?’ என்று வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்பார். ‘பாலியல் தொல்லை’ என்று செய்தித்தாளில் படிப்போம். ஒரே சொல், தேநீர்க் கோப்பையையும் நீதிமன்றத்தையும் சேர்த்தே தூக்குகிறது.

சிறிய தீங்குக்கும் பெரிய தீங்குக்கும் எங்கே கோடு போடுவது என்று சட்டமும் யோசித்திருக்கிறது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 95-ஆவது பிரிவைத் தேடிப் படியுங்கள். சாதாரண அறிவும் சாதாரண மனப்பக்குவமும் உள்ள ஒருவர் புகார் செய்யமாட்டார் என்னும் அளவுக்குச் சின்னத் தீங்கு குற்றமாகாது என்பது அதன் கருத்து. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு இது. அந்தச் சட்டத்திலும் எண் 95 ஆகத்தான் இருந்தது, சிங்கப்பூரிலும் 95. நெரிசலான பேருந்தில் ஒருவர் உங்கள் காலை மிதித்துவிட்டால் காவல் நிலையம் போகவேண்டியதில்லை. ஜான்சன் அகராதியில் சொன்னதைத்தான் சட்டம் தன் மொழியில் சொல்கிறது.

ஆனால் இந்தக் கோட்டை மறந்த சட்டங்களும் உண்டு. இந்தியாவில் 2009-இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு ஓர் எடுத்துக்காட்டு. இணையம் வழியாக அனுப்பும் பொய்த் தகவலால் எரிச்சல், அசௌகரியம், ஆபத்து, அவமதிப்பு, காயம், குற்ற மிரட்டல் என்று எதை உண்டாக்க நினைத்தாலும் மூன்றாண்டு வரை சிறை. அசௌகரியமும் குற்ற மிரட்டலும் ஒரே வரிசையில், ஒரே தண்டனையுடன்! 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவர் ஓர் அரசியல்வாதியின் மகனைப் பற்றி எழுதிய டுவிட்டர் பதிவுக்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். ஒரு தலைவர் இறந்ததையொட்டி மும்பை முடங்கியதைப் பற்றி ஒருவர் முகநூலில் எழுதினார். இன்னொருவர் அதற்கு ‘லைக்’ போட்டார். அவ்வளவே.

அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்த 21 வயது ஷ்ரேயா சிங்கால், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உங்களில் பலருடைய வயதுதான். 2015 மார்ச் 24-ஆம் தேதி நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹிண்டன் நாரிமனும் 66ஏ பிரிவை முழுமையாக ரத்து செய்தார்கள். எரிச்சல், அசௌகரியம் போன்ற சொற்களுக்குத் தெளிவான எல்லை இல்லை, ஒருவருக்கு எரிச்சலாக இருப்பது இன்னொருவருக்கு அப்படி இல்லாமல் போகலாம் என்பது தீர்ப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்று. ஓர் அகராதிப் பிரச்சினை, சிறைக் கதவுவரை போய் வந்தது.

நம் நாட்டிலும் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் எரிச்சலூட்டுவது, ஏசுவது, மிரட்டுவது, துன்புறுத்துவது என நான்கு சொற்கள் தோளோடு தோள் நின்றன. அவற்றில் முதல் சொல்லைப் பற்றிய வாதம் 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. சட்டம் படிக்க விரும்பும் மாணவர்கள் அந்த வழக்கைத் தேடிப் படிக்கலாம்.

‘இன்கமோட்’ என்ற சொல்லே நேராகச் சட்டத்தில் உயிரோடு இருக்கும் ஊரும் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். அங்கே நாடாளுமன்றக் கட்டடத்தில் போராட்டம் நடத்திக் கைதாகிறவர்கள் மீது பதிவாகும் வழக்கமான குற்றச்சாட்டுகளில் ஒன்று, ‘கூட்டம் போடுதல், வழிமறித்தல் அல்லது இன்கமோட் செய்தல்’. 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம், 90 நாள் வரை சிறை. மற்ற இடங்களில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட சொல், அங்கே மட்டும் கைவிலங்கோடு நடமாடுகிறது.

எடையைக் கூட்டிச் சொல்வதால் வரும் ஆபத்தைப் பார்த்தோம். குறைத்துச் சொல்வதால் வருவது வேறு வகை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயர்கல்வி மாணவி ஒருவர் ஒரு புகார்க் கடிதத்தைத் திருத்தித் தரும்படி கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஓர் ஆடவர் தனக்குக் ‘கொஞ்சம் இன்கன்வீனியன்ஸ்’ கொடுக்கிறார் என்பதுதான் கடிதத்தின் முதல் வரி. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். அந்த ஆள் மூன்று வாரமாகப் பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வாசல்வரை பின்னால் வருகிறார். எண்ணை மாற்றிய பிறகும் எப்படியோ கண்டுபிடித்துச் செய்தி அனுப்புகிறார். வேண்டாம் என்று இரண்டு முறை எழுத்தில் சொல்லியாயிற்று.

“இதை ஏன் இன்கன்வீனியன்ஸ் என்று எழுதினீர்கள்?” என்றேன்.

“பெரிசு படுத்துற மாதிரி இருக்கக்கூடாதுன்னு நினைச்சேன் சார். அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க.”

நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் மரியாதை இது. தன் மேல் விழும் எதையும் ‘கொஞ்சம் சிரமம்’ என்று மடித்து வைக்கப் பழக்கியிருக்கிறோம். வெப்ஸ்டரின் அந்த வரிசையைத் தாளில் எழுதிக் காட்டினேன். கீழே ‘இன்கமோட்’, அதற்கு மேல் எரிச்சல், அதற்கு மேல் நோகடிப்பு, உச்சியில் விடாத தொல்லை. “உங்களுக்கு நடப்பது எந்தப் படி?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. விரலை நேராக உச்சியில் வைத்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து கடிதத்தை மாற்றினோம். அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன செய்தி வந்தது, தான் என்ன பதில் சொன்னார் என்று வரிசையாக எழுதினார். முதல் வரியில் ‘ஹராஸ்’ என்ற வினைச்சொல் வந்தது. அதற்கு முன்னால் செய்தவர், பின்னால் ‘மீ’. கடிதம் கொடுத்த வாரத்திலேயே விசாரணைக்கு அழைத்தார்கள். அம்மாவும் கூடப் போனார்.

அப்படியானால் ‘இன்கமோட்’டை எங்கே பயன்படுத்துவது என்று கேட்பீர்கள். எஸ்.பி.எம். கட்டுரையிலோ மூயிட் தேர்விலோ வேண்டாம். அங்கே ‘இன்கன்வீனியன்ஸ்’ போதும். அதை வினைச்சொல்லாகவும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘வில் இட் இன்கன்வீனியன்ஸ் யூ?’ என்பது சுத்தமான, இன்றைய ஆங்கிலம். நெருங்கிய நண்பர்களிடம் என்றால் ‘புட் யூ அவுட்’ என்பது இன்னும் இயல்பு. பழைய நாவல்களைப் படிக்கும்போது ‘இன்கமோட்’ வந்தால் நின்று யோசிக்காமல் தாண்டிப் போகும் அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எழுதியே ஆகவேண்டும் என்ற ஆசை இருந்தால், வேடிக்கைக்கு எழுதுங்கள். வகுப்பில் அந்தப் படிவம் ஆறு மாணவி இப்போது அதைத்தான் செய்கிறார். போன வாரம் முன்வரிசைப் பையன் தன் பையை அவர் நாற்காலியில் வைத்திருந்தான். அவர் நிமிர்ந்து நின்று, மகாராணி மாதிரி, “சார், திஸ் பேக் இன்கமோட்ஸ் மீ” என்றார். பை உடனே கீழே இறங்கியது.